500 இணைப்புகளும் முதல் வேலையும்: லிங்க்ட்இன் தளத்தில் தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்கள்

1. கேள்வி

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் ஒன்று எங்கே போனாலும் ஒரே மாதிரி இருக்கிறது. லிங்க்ட்இன்னில் கணக்குத் தொடங்கு, 500 இணைப்புகளைத் தாண்டு, வாரத்துக்கு ஒரு பதிவாவது போடு. ப்ளேஸ்மென்ட் அலுவலர் இதைச் சொல்கிறார். மென்திறன் வகுப்பெடுக்க வெளியிலிருந்து வருபவர் சொல்கிறார். யூடியூபில் வேலைக்கு வழிகாட்டுவோரும் இதையே சொல்கிறார்கள். 500 என்ற எண்ணுக்குத் தனி மகிமை எதுவும் கிடையாது. அதற்கு மேல் எத்தனை பேர் சேர்ந்தாலும் முகப்பில் '500+' என்று மட்டுமே தளம் காட்டும். அதனால் அது ஒரு தேர்ச்சி மதிப்பெண் போல ஆகிவிட்டது.

இந்த அறிவுரையில் இரண்டு கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. நல்ல வேலைகளில் பெரும்பகுதி தெரிந்தவர் வழியாகவே கைக்கு வருகிறது என்பது முதலாவது. தெரிந்தவர் யாருமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அத்தகைய தெரிந்தவர்களை இந்தத் தளம் உண்டாக்கிக் கொடுக்கும் என்பது இரண்டாவது. முதல் கூற்றுக்கு அரை நூற்றாண்டு கால ஆய்வு ஆதாரம் இருக்கிறது. இரண்டாவது கூற்று எந்த அளவுக்கு உண்மை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கேள்வி தமிழ்நாட்டுக்கு ஏன் முக்கியம் என்பதற்குச் சில விவரங்கள் போதும். 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டில் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகையும், 2021 முதல் பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு நடைமுறையில் இருக்கும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடும், வீட்டில் கல்லூரி வாசலையே மிதிக்காத பெற்றோரின் பிள்ளைகளைப் பெருமளவில் பொறியியலுக்குக் கொண்டுவந்திருக்கின்றன. கல்லூரிக்குள் நுழையும் வழி அகலமானது. வெளியேறும் வழி அதே அளவுக்கு அகலமாகவில்லை. 2021-22 நிதியாண்டில் ஏறத்தாழ 1 லட்சம் புதிய பட்டதாரிகளைச் சேர்த்துக்கொண்ட டி.சி.எஸ். நிறுவனத்தின் மொத்தப் பணியாளர் எண்ணிக்கை 2023-24இல் 13,249 குறைந்தது. கூட்டம் கூட்டமாக ஆளெடுக்கும் நிறுவனங்கள் கல்லூரிக்கு வருவது தளர்ந்தபோது, மாணவர்கள் 'ஆஃப்-கேம்பஸ்' பக்கம் தள்ளப்பட்டார்கள். அங்கே அவர்கள் முதலில் பார்த்த கதவு லிங்க்ட்இன்.

2003 மே மாதம் தொடங்கிய இத்தளத்தை 2016இல் மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலருக்கு வாங்கியது. 2023இல் இந்திய உறுப்பினர் எண்ணிக்கை 10 கோடியைக் கடந்தது. அமெரிக்காவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்குத்தான்.

ஆய்வுகளையும் நடைமுறையையும் சேர்த்துப் பார்த்து நான் வந்தடையும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே இருக்கும் உறவைத் தேடி எடுக்க இத்தளம் நன்றாக உதவுகிறது. இல்லாத உறவை உண்டாக்குவதில் அதன் திறன் மிகக் குறைவு. முதல் தலைமுறை மாணவரிடம் இருக்கும் பயனுள்ள உறவு ஒன்றுதான்: அதே கல்லூரியில் அவருக்குச் சில ஆண்டுகள் முன்னால் படித்த சீனியர். நம் கல்லூரிகள் சொல்லித்தரும் லிங்க்ட்இன் பழக்கமோ அந்த ஒன்றைக் கண்டுகொள்வதில்லை.

2. தளர்ந்த உறவு பற்றிய ஆய்வுகள்

1973இல் அமெரிக்கச் சமூகவியலர் மார்க் கிரனோவெட்டர் 'தளர்ந்த உறவுகளின் வலிமை' என்ற கட்டுரையை வெளியிட்டார். பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் என்ற ஊரில், அண்மையில் வேலை மாறிய தொழில்நுட்ப, நிர்வாகப் பணியாளர்களை அவர் விசாரித்திருந்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை அக்காலத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்துவந்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 விழுக்காடு, எப்போதாவது என்றவர்கள் 55.6, அரிதாக என்றவர்கள் 27.8. இதற்கு அவர் தந்த விளக்கம் எளியது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். சற்றுத் தள்ளி நிற்பவர் வேறொரு வட்டத்தில் புழங்குகிறார். நம் காதுக்கு எட்டாத செய்தி அவரிடம் இருக்கும்.

லிங்க்ட்இன்னுக்கு ஆதரவாகப் பேசும் எல்லோரும் இந்தக் கட்டுரையைத்தான் கையிலெடுக்கிறார்கள். ஆனால் அதிலுள்ள இரண்டு விவரங்கள் அவர்கள் பேச்சில் விடுபட்டுப்போகின்றன. மேலே சொன்ன விழுக்காடுகள் 54 பேரின் பதில்களிலிருந்து வந்தவை. அவர்கள் ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள், முதல் வேலை தேடியவர்கள் அல்லர். அதைவிட முக்கியமானது, அந்தத் 'தளர்ந்த' தொடர்பில் இருந்தவர்கள் யார் என்பது. கல்லூரியில் உடன் படித்தவர், பழைய அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், முன்னாள் மேலதிகாரி என்றுதான் பட்டியல் போகிறது. நெருக்கமாக இருந்ததில்லை, ஆனால் ஒரே கூரையின்கீழ் சில காலம் இருந்திருக்கிறார்கள். ஒருவர் எப்படி வேலை செய்வார், எப்படிப் பழகுவார் என்று மற்றவருக்கு ஓரளவு தெரியும். முன்பின் தெரியாத ஒருவர் 'கனெக்ட்' பொத்தானை அழுத்தியதும் பிறக்கும் இணைப்பை கிரனோவெட்டர் பேசிய உறவாக எடுத்துக்கொள்வதற்கு அவருடைய தரவில் இடமில்லை.

கிரனோவெட்டரின் கருத்தைப் பெருமளவில் சோதித்துப் பார்த்த ஆய்வு 2022 செப்டம்பரில் 'சயன்ஸ்' இதழில் வெளியானது. கார்த்திக் ராஜ்குமார், எரிக் பிரின்யோல்ஃப்சன், சினான் அரால் உள்ளிட்ட ஐவர் எழுதியது. லிங்க்ட்இன்னின் 'உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியவர்கள்' என்ற பரிந்துரைப் பகுதியைத் தற்போக்கு முறையில் மாற்றி மாற்றி அமைத்து, சிலருக்கு நெருங்கிய தொடர்புகளையும் சிலருக்குத் தளர்ந்த தொடர்புகளையும் கூடுதலாகக் காட்டினார்கள். ஐந்து ஆண்டுகள், 2 கோடிப் பயனர்கள், ஏறத்தாழ 200 கோடிப் புதிய இணைப்புகள், 6 லட்சம் வேலை மாற்றங்கள். தளர்ந்த உறவே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுகிறது என்பது உறுதியானது. ஆனால் கோடு நேராக ஏறிச் செல்லவில்லை. இருவருக்கும் பொதுவான தொடர்புகள் எத்தனை என்பதை அளவுகோலாக வைத்துப் பார்த்தால், பயன் ஏறி, உச்சம் தொட்டு, இறங்குகிறது. உச்சம் ஏறத்தாழ 10 பொதுத் தொடர்புகளில் இருக்கிறது. பொதுவான ஆளே இல்லாத அந்நியராலும் பயன் குறைவு. எல்லா நண்பர்களும் பொதுவாக உள்ள நெருங்கியவராலும் பயன் குறைவு. இடைப்பட்ட தூரத்தில் நிற்பவர்தான் வேலைக்கு உதவுகிறார்.

(தாங்கள் ஒரு சோதனைக்குள் இருப்பது அந்த 2 கோடிப் பேருக்கும் தெரியாது. அமெரிக்கப் பத்திரிகைகள் அப்போது இதைக் கேள்வி கேட்டன. பயனர் ஒப்பந்தத்துக்கு உட்பட்டே செய்தோம் என்பது நிறுவனத்தின் பதில். ஆய்வின் தரத்தைப் புகழ்பவர்கள் இந்தப் பதிலையும் சேர்த்தே படிக்க வேண்டும்.)

இந்த முடிவைத் தமிழ்நாட்டு மாணவர் பக்கம் திருப்பிப் பார்த்தால் சிக்கல் தெரிகிறது. சென்னையில் மென்பொருள் துறையில் பெற்றோர் இருவரும் வேலைபார்க்கும் வீட்டுப் பெண், கணக்குத் தொடங்கிய அன்றே அம்மாவின் சக ஊழியர்கள், பள்ளித்தோழியின் அக்கா, அடுக்ககத்து மாமா என்று பரிந்துரைப் பட்டியலைப் பெறுகிறார். ஒவ்வொருவரிடமும் பொதுத் தொடர்புகள் பத்தோ பதினைந்தோ இருக்கின்றன. ஆய்வு சொல்லும் உச்சப் புள்ளியில் அவர் தொடங்கும்போதே நிற்கிறார். பெரம்பலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவருக்குத் தளம் பரிந்துரைப்பது அவருடைய வகுப்புத்தோழர்களை. அவர்களிடம் இருக்கும் தகவல் இவரிடமும் இருக்கிறது. அந்த வட்டத்தைத் தாண்ட அவர் தேடிச் சேர்ப்பவர்கள் பெரிய நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகள், லட்சக்கணக்கில் பின்தொடர்வோர் உள்ள பிரபலங்கள். அவர்களோடு பொதுத் தொடர்பு என்று எதுவுமில்லை, இருந்தாலும் அது இன்னொரு பிரபலம். ஆக, இவருடைய இணைப்புகள் வளைவின் இரு அடிமுனைகளிலும் குவிகின்றன, நடுவில் ஆளில்லை. எண்ணிக்கை 500ஐத் தாண்டிவிடும். அந்த எண்ணிக்கைக்குள் இந்த வெற்றிடம் தெரியாது.

3. தென்னாப்பிரிக்கச் சோதனை

மறுபக்கச் சான்று ஒன்றும் உண்டு; அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையாகாது. லாரல் வீலர், ராபர்ட் கார்லிக் முதலிய பொருளியலர்கள் தென்னாப்பிரிக்காவில் நடத்திய சோதனை 2022இல் வெளியானது. ஹராம்பீ என்ற அமைப்பு, பின்தங்கிய பின்னணியிலிருந்து வரும் வேலையற்ற இளைஞர்களுக்குச் சில வாரங்கள் வேலைத் தயாரிப்புப் பயிற்சி தருகிறது. அந்தப் பயிற்சிக் குழுக்களில் பாதியைத் தற்போக்காகத் தேர்ந்தெடுத்து, லிங்க்ட்இன்னைப் பயன்படுத்தும் முறையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மொத்தம் 1,638 பேர். பயிற்சி முடியும்போது வேலை பெற்றிருந்தவர்களின் விகிதம், லிங்க்ட்இன் கற்ற குழுக்களில் 7 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. ஓராண்டு கழித்தும் அந்த வேறுபாடு நிலைத்தது.

சில மணி நேரப் பாடத்துக்கு இது பெரிய பலன். தளம் வசதிபடைத்தவர்களுக்கு மட்டுமே உதவும் என்று சொல்வோர் இந்த முடிவைக் கடந்துபோக முடியாது. ஆனால் பலன் எந்தச் சூழலில் கிடைத்தது என்று பார்க்க வேண்டும். அந்த இளைஞர்கள் தனியாக வலையில் இறங்கவில்லை. வேலை தரும் நிறுவனங்களோடு ஏற்கெனவே உறவு வைத்திருந்த அமைப்பு ஒன்று அவர்களுக்குப் பின்னால் நின்றது; நேர்காணல்களுக்கு ஏற்பாடு செய்தது. அந்தப் பயிற்சி வழியாக முன்பு வேலைக்குப் போனவர்களும், அவர்களை எடுத்த நிறுவனங்களும் தளத்தில் இருந்தார்கள். லிங்க்ட்இன் அங்கே ஒரு நிறுவன உறவின் மேல் ஏறி நின்று வேலை செய்தது. நம் ஊரில் அந்த இடத்தில் இருக்க வேண்டியது கல்லூரி. கல்லூரி என்ன செய்கிறது என்பதற்குப் பின்னால் வருவோம்; முதலில் மாணவர் தளத்தில் என்ன செய்கிறார் என்று பார்ப்போம்.

4. முகப்பு, பதிவு, உள்பெட்டி

ஒரு நான்காம் ஆண்டு மாணவரின் பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் இப்படி இருக்கும். கோட் போட்ட ஒளிப்படம், கோட் ஸ்டுடியோக்காரருடையது. பெயருக்குக் கீழே 'ஆஸ்பயரிங் சாஃப்ட்வேர் டெவலப்பர் | பைத்தான் | ஜாவா | டீம் பிளேயர்'. பிறகு சான்றிதழ்கள் வரிசையாக. இரண்டு நாள் பயிலரங்கு, நாலு மணி நேர இணையவழிப் பாடம், இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் காசு கட்டிச் சேர்ந்த ஒரு மாத வகுப்பு. ஒவ்வொன்றுக்கும் 'ஐ ஆம் ஹாப்பி டு ஷேர்' என்று தொடங்கும் ஒரு பதிவு; கீழே வகுப்புத்தோழர்கள் முப்பது பேரின் 'கங்கிராட்ஸ் ப்ரோ'. துறையில் சொன்னார்கள், போட்டார்கள். இவ்வளவு ஆங்கிலத்துக்கும் நடுவே அந்த மாணவர் எதைக் கட்டினார், எதைப் பழுதுபார்த்தார், எந்தக் கோளாறில் மூன்று இரவு மாட்டிக்கொண்டார் என்பதற்கு ஒரு வரி இருக்காது. அவரிடம் நேரில் கேட்டால் தமிழில் அரை மணி நேரம் அதைப் பற்றிப் பேசுவார்.

குறை மாணவரிடம் என்று நான் நினைக்கவில்லை. பதிவு போடுவது வேலைக்கு உதவும் என்ற எண்ணமே ஆய்வில் பலவீனமாக நிற்கிறது. அமெரிக்க மானுடவியலர் இலானா கெர்ஷன் 2017இல் வெளியிட்ட நூலில், தன்னை ஒரு 'பிராண்ட்' ஆக்கிக்கொள்ளச் சொல்லும் வேலைதேடல் பயிலரங்குகளை நேரில் இருந்து கவனித்திருக்கிறார். பயிலரங்குகளில் சொல்லப்பட்டதும் ஆளெடுப்பில் நடந்ததும் ஒன்றாக இல்லை. வேலை கிடைத்த கதைகளில் எடை பெற்றது, முன்பு கூட வேலைபார்த்த ஒருவர் சொன்ன வார்த்தை.

உள்பெட்டியையும் பார்க்க வேண்டும். பெங்களூரிலோ சென்னையிலோ ஐந்தாறு ஆண்டு அனுபவத்தோடு வேலைசெய்யும் எந்த மென்பொருள் பொறியாளரிடமும் இந்த அச்சில் செய்திகள் குவிந்து கிடக்கும்: 'ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் 2025 பேட்ச், பி.இ. ஈ.சி.இ., நோ ஸ்டாண்டிங் அரியர்ஸ். கைண்ட்லி ரெஃபர் மீ ஃபார் எனி ஓப்பனிங் இன் யுவர் எஸ்டீம்டு ஆர்கனைசேஷன்.' இதற்கு அவர் பதில் போடாததற்குக் காரணம் மனமின்மை மட்டுமல்ல. நிறுவனத்தின் உள்தளத்தில் ஒருவரைப் பரிந்துரைக்க வேண்டுமானால் குறிப்பிட்ட வேலையின் எண் வேண்டும், ரெஸ்யூமே கோப்பு வேண்டும், இவரை எப்படித் தெரியும் என்ற பெட்டியில் நிரப்ப ஒரு வரி வேண்டும். 'எனி ஓப்பனிங்' என்று கேட்பவருக்கு இந்த மூன்றில் எதையும் அவரால் நிரப்ப முடியாது. எந்த வேலை என்று தேடி எண்ணையும் எடுத்துத் தர வேண்டியது கேட்பவருடைய பங்கு என்பதை மாணவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நேரடி விண்ணப்பத்தின் நிலை இதைவிட மோசம். ஒரே அழுத்தில் விண்ணப்பிக்கும் வசதியும் செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் ரெஸ்யூமேயும் சேர்ந்து, லிங்க்ட்இன்னில் நிமிடத்துக்குச் சராசரியாக 11,000 விண்ணப்பங்கள் விழுவதாக 2025இல் 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. அந்த வெள்ளத்தில் ஆளெடுப்பவர் ரெஃபரல் பட்டியல் பக்கம் இன்னும் சாய்வார் என்பது ஊகிக்கக்கூடியது.

5. ரெஃபரலும் சிபாரிசும்

ரெஃபரல் என்பது நிறுவன விதிக்குள் வந்த சிபாரிசு. பரிந்துரைத்தவர் கொண்டுவந்த ஆள் சேர்ந்து சில மாதம் நிலைத்தால் அவருக்கு ஊக்கத்தொகை தரும் நிறுவனங்கள் பல. இதில் முறைகேடு எதுவும் இல்லை. ஆனால் யார் யாரைப் பரிந்துரைப்பார்கள் என்ற கேள்விக்கு இந்திய ஆய்வுகள் கசப்பான பதிலைத் தருகின்றன.

சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 548 நாளிதழ் விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். தனியார் நிறுவனத்திலிருந்து அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை உயர்சாதி இந்துப் பெயருக்கு 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 25 பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைப் பேட்டி கண்டார்கள். சாதி பார்ப்பதில்லை, தகுதிதான் பார்க்கிறோம் என்றார்கள் எல்லோரும்; அதே மூச்சில், நேர்காணலில் குடும்பப் பின்னணி கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள். எதிர்த்திசையில் ஒரு சான்றும் இருக்கிறது. அபிஜித் பானர்ஜி முதலியோர் டெல்லி வட்டாரத்தில் செய்து 2009இல் வெளியிட்ட ஒத்த சோதனையில், மென்பொருள் வேலைகளில் பெயரால் பாகுபாடு குறிப்பிடத்தக்க அளவில் தென்படவில்லை. கால் சென்டர் வேலைகளில் தென்பட்டது. திறனைச் சோதித்து அளக்க முடிகிற வேலையில் பெயரின் எடை குறைகிறது, பேச்சும் தோரணையும் அளவுகோலாகும் வேலையில் கூடுகிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

லிங்க்ட்இன்னில் தமிழ்நாட்டு மாணவருக்கு ஒரு விசேஷம் உண்டு. பெயருக்குப் பின்னால் சாதியைப் போடாத வழக்கம் இங்கே பல தலைமுறைகளாக ஊன்றியிருக்கிறது. தளமோ 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தைக் காலியாக விட அனுமதிப்பதில்லை. மாணவர் அங்கே இனிஷியலைப் போடுகிறார், அல்லது அப்பா பெயரை. குருகிராமில் இருந்து பார்க்கும் ஆளெடுப்பாளருக்கு அதிலிருந்து எதுவும் தெரியப்போவதில்லை. அந்த அளவில் இது ஒரு காப்பு. ஆனால் பள்ளியின் பெயர், ஊரின் பெயர், கல்லூரியின் பெயர், ஆங்கிலத்தின் நடை ஆகிய நான்கும் பக்கத்திலேயே இருக்கின்றன. வர்க்கத்தை அவை மறைப்பதில்லை.

அதைவிட ஆழமான தடை தொடர்பின் வரலாற்றில் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. பற்றி அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் எழுதிய நூல், தகுதி என்று பெயர் பெற்றது எப்படி ஒரு சமூகத்தின் பழைய கல்வி முதலோடும், கடல் கடந்த பழைய மாணவர் வலைகளோடும் பின்னிப் பிணைந்தது என்று விரிவாகக் காட்டுகிறது. ரெஃபரல் அந்த வலைகளின் வழியே ஓடும்போது, யாருடைய மனத்திலும் பாகுபாட்டு எண்ணம் இல்லாமலேயே விளைவு பாகுபாடாக முடியும். முதலில் உள்ளே போனவர்கள் யாரை அறிவார்களோ அவர்களே அடுத்து உள்ளே போவார்கள்.

6. சீனியர்

இந்த இடத்தில்தான் இணைப்புக் கல்லூரியின் சீனியர் முக்கியமாகிறார். விடுதியில் ஒரே மாடி, துறையின் சிம்போசியத்தில் ஒரே குழு, அதே ஆசிரியரிடம் அதே லேபில் வாங்கிய அதே திட்டு. நெருக்கம் என்று சொல்ல முடியாது. பொதுவாகத் தெரிந்தவர்கள் பத்து பேர் தாராளமாகத் தேறுவார்கள். 'சயன்ஸ்' ஆய்வு உச்சப் பயன் என்று குறித்த தூரத்தில் அவர் இயல்பாகவே நிற்கிறார். கிரனோவெட்டர் பேசிய 'ஒரே கூரை' நிபந்தனையும் பொருந்துகிறது. சாதி வலைக்கு வெளியே கிடைக்கும் தொடர்பு என்பது இன்னொரு முக்கியத்துவம்: கலந்தாய்வு வழியாக ஒரே கல்லூரியில் வந்து விழுந்தவர்கள் பல ஊர், பல சமூகத்துப் பிள்ளைகள். அந்தக் கலப்பு விடுதிக்குள்ளும் எப்போதும் நடப்பதில்லை என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் சொந்தக்காரர் வலையைவிட அது அகலமானது.

சீனியரைத் தேடித் தர லிங்க்ட்இன்னில் கருவி இருக்கிறது. கல்லூரியின் பக்கத்துக்குப் போனால் பழைய மாணவர்களை எங்கே வசிக்கிறார்கள், எந்த நிறுவனம், என்ன படித்தார்கள் என்று சலித்துப் பார்க்கலாம். மாணவருக்கு மிகவும் பயன்படக்கூடிய பகுதி இதுதான் என்பது என் கணிப்பு. தமிழ்நாட்டில் இதைக் கெடுப்பது ஒரு சின்ன விஷயம். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சாகிறது. அதற்கு மதிப்பும் அதிகம். அதனால் இணைப்புக் கல்லூரி மாணவர்களில் பலர் கல்வி என்ற கட்டத்தில் தங்கள் கல்லூரியை விட்டுவிட்டு 'அண்ணா பல்கலைக்கழகம், சென்னை' என்று போட்டுவிடுகிறார்கள். கிண்டி வளாகத்தில் படித்தவரோ என்று பார்ப்பவர் ஒரு கணம் நினைக்கட்டுமே என்ற ஆசை இயல்பானது. விளைவு? தன் கல்லூரி ஜூனியர் தேடும்போது அந்த சீனியர் அகப்படுவதில்லை. லட்சக்கணக்கானோர் உள்ள பெருங்கூட்டத்தில் அவர் கரைந்துபோகிறார். இதற்குமேல், ஒரே கல்லூரிக்கு மூன்று எழுத்துக்கூட்டல்களில் மூன்று பக்கங்கள், அவற்றில் இரண்டு யாரும் கவனிக்காமல் கிடப்பவை. மதிப்புக்காகப் போட்ட ஒரு வரி, அடுத்த பேட்ச்சின் வழியை அடைத்துவிடுகிறது.

தொனியும் ஒரு தடை. விடுதியில் 'அண்ணா', 'அக்கா' என்று கூப்பிட்ட அதே சீனியருக்குத் தளத்தில் எழுதும்போது மாணவர் 'ரெஸ்பெக்டட் சார்' ஆகிவிடுகிறார். பழக்கத்தை நினைவூட்டும் அத்தனை அடையாளங்களும் அந்த ஆங்கிலத்தில் உதிர்ந்துபோகின்றன. செய்தி, அந்நியர்கள் அனுப்பிய மற்ற நாற்பதோடு சேர்ந்துவிடுகிறது. 'அண்ணா, 2022 சிம்போசியத்துல ஸ்டேஜ் வேலைல உங்க டீம்ல இருந்தேன்' என்று தொடங்கி, வேலை எண்ணையும் குறிப்பிட்டு நாலு வரி எழுதினால் அதற்குப் பதில் வரும் வாய்ப்பு கூடுதல். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு துறையும் ஒரு செமஸ்டரும் போதும்.

கல்லூரிகள் இங்கே என்ன செய்கின்றன? பழைய மாணவர் சங்கம் பெரும்பாலும் ஆண்டுக்கொரு விருந்தும் கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது காட்ட ஒரு கோப்பும். ப்ளேஸ்மென்ட் செல் கணக்கெடுப்பது எத்தனை பேருக்கு ஆஃபர் லெட்டர் வந்தது என்பதை. இரண்டு ஆண்டு கழித்து அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை அல்ல. இரண்டாவது வேலைக்கு மாறிய சீனியர்தான் ஜூனியருக்கு அதிகம் பயன்படுபவர். கல்லூரியின் பதிவேட்டில் அந்த வேலையே இருக்காது. அந்தப் பதிவேட்டை இப்போது ஒரு அமெரிக்க நிறுவனம் வைத்திருக்கிறது. அதிலும் கட்டணம் கட்டாத கணக்குக்கு எத்தனை தேடல், அழைப்போடு எத்தனை குறிப்பு என்று அளந்துதான் தருகிறது. தென்னாப்பிரிக்காவில் ஹராம்பீ வகித்த பாத்திரத்தை நம் கல்லூரிகள் ஏற்காதவரை, அந்தச் சோதனையின் 7 புள்ளிகளை இங்கே எதிர்பார்ப்பதற்கு அடிப்படை இல்லை.

7. தளத்தின் எல்லைகள்

பெண் மாணவர்களின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வேலைக்கான தளம் என்பதால் வீட்டில் அனுமதி கிடைக்கிறது. படம் போட்டதும் வேலைக்குச் சம்பந்தமில்லாத செய்திகள் உள்பெட்டியில் வரத் தொடங்குகின்றன. படத்தை எடுத்துவிட்டால் பக்கத்தைப் பார்ப்பவர் குறைகிறார்கள். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் இழப்பு அவருக்குத்தான். 'படம் கட்டாயம்' என்று வகுப்பில் சொல்பவர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

மோசடியும் சிறிய விஷயமல்ல. தாய்லாந்தில் தகவல் தொழில்நுட்ப வேலை என்று சமூக ஊடக விளம்பரங்களைக் காட்டி இளைஞர்களை மியான்மருக்குக் கடத்துகிறார்கள் என்று 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. மாட்டிக்கொண்டு மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்கள் இருந்தார்கள். அந்நியரின் அழைப்பை ஏற்பதே முன்னேற்றம் என்று பழக்கப்படுத்தப்பட்டவருக்கு அந்நியரைச் சந்தேகிக்கவும் யாராவது சொல்லித்தர வேண்டும்.

கடைசியாக, எல்லாப் பொறியியல் மாணவரும் மென்பொருளுக்குப் போகிறவர் அல்லர். 'சயன்ஸ்' ஆய்வின் அதிகம் பேசப்படாத முடிவு ஒன்று இங்கே பொருந்துகிறது: கணினிமயம் அதிகமான துறைகளில் தளர்ந்த உறவு பயன்படுகிறது; கணினிமயம் குறைந்த துறைகளில் நெருங்கிய உறவே கூடுதலாகப் பயன்படுகிறது. கோயம்புத்தூரில் ஃபவுண்டரி நடத்துபவரும் பம்ப் உதிரிபாகம் செய்பவரும் ஓசூரில் சி.என்.சி. எந்திரங்கள் நாலைந்து போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவரும் லிங்க்ட்இன்னில் ஆள் தேடுவது அபூர்வம். ஏற்கெனவே வேலைசெய்யும் சூப்பர்வைசரிடம் 'உனக்குத் தெரிஞ்ச பையன் யாராவது இருக்கானா?' என்று கேட்பார்கள். இயந்திரவியல் மாணவர் அந்த சூப்பர்வைசரைச் சந்திக்கும் இடம் இன்ப்ளான்ட் ட்ரெய்னிங். பல கல்லூரிகளில் அது ஒரு வாரம், ஐம்பது பேர், ஒரு பேருந்து, கடைசி நாளில் சான்றிதழ். மறுநாள் ஐம்பது பேரும் அந்தச் சான்றிதழை லிங்க்ட்இன்னில் போடுகிறார்கள். சூப்பர்வைசரின் கைப்பேசி எண்ணை வாங்கி வைத்திருப்பவர் ஒருவரோ இருவரோதான். எண்ணை வாங்கி வா என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.